கம்பெனி எழுதி அனுப்பிய ஸ்டேட்மென்ட்டை நீங்கள் படித்தீர்களா?

கேள்வி: தமிழ் தெரியும் என்ற தகுதியில், தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டம் வழியாக அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன். முழங்கால் வலியோடும் முதுகுவலியோடும் வெளியே வந்தேன். ஒரு கம்பெனி, விஏ (முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை) இணையதளத்துக்குள் போக உதவும் என் ஐடி.மீ கணக்கில் நுழைந்து, விஏ படிவங்களை நிரப்பி, உதவித்தொகை கேட்கும் முதல் க்ளெய்மை அனுப்பியது. 50% ஊன ரேட்டிங் கிடைத்தது. இப்போது மாதத் தொகையில் ஐந்து மடங்கு, 5,510 டாலர் கேட்கிறார்கள். 2,204 டாலர் கட்டிவிட்டேன். "நானும் உங்களைப் போல ராணுவத்தில் இருந்தவன்" என்று பேசியே அந்த ஆள் என்னை மடக்கிவிட்டார். இதே வேலையை இலவசமாகச் செய்து தருவார்கள் என்று விஏ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அவர் எப்படிப் பேசினார் என்பதை விடுங்கள். விஏ முதல் தீர்ப்பு தருவதற்கு முன் செய்த வேலைக்குக் கூலி கேட்கிறார்களா என்பதுதான் இதில் சட்டப்படி உள்ள ஒரே கேள்வி. கேட்கிறார்கள். அது கூடாது. விஏ அங்கீகாரம் பெற்ற வக்கீலான நானே முதல் க்ளெய்முக்கு ஒரு டாலர் வாங்க முடியாது. "நாங்கள் ஆலோசனைதான் சொன்னோம், அனுப்பியது அவர்" என்று வாதாடுவார்கள். உங்கள் கணக்கில் நுழைந்து படிவம் நிரப்பியவர்கள் அப்படிச் சொன்னால் எடுபடுவது கடினம்.

பிறகு எப்படித் துணிச்சலாக நடத்துகிறார்கள்? தடை இருக்கிறது, தண்டனை இல்லை. 2006-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தத் தண்டனைப் பிரிவை எடுத்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரவும், இலவச உதவி இருப்பதை வீரர்களுக்கு விஏ எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கவும் மசோதாக்கள் வந்திருக்கின்றன. வர வேண்டிய சட்டங்கள்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விஏ சொல்லவில்லை என்பதை வைத்து கம்பெனியிடமிருந்து பணத்தை மீட்க முடியாது. நாளைக்கே சட்டம் வந்தாலும் நேற்று கட்டிய பணத்தை அது திருப்பித் தராது.

என் கவலை வேறு. கட்டணச் சண்டையில் மூழ்கி, தங்கள் ஃபைலில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் பெயரில் விஏவுக்குப் போன ஸ்டேட்மென்ட்டை, அதாவது உங்கள் வாக்குமூலத்தை, எழுதியது யார்? நீங்கள் படித்தீர்களா? ஒரே கம்பெனிக்குப் போன இருவரின் ஸ்டேட்மென்ட்கள் ஒருமுறை என் மேசைக்கு வந்தன. பெயரைத் தவிர வரிக்கு வரி ஒன்று. அதில் ஒருவருக்கு அடிபட்டது வலது முழங்கால், தாளில் இடது. இரவு தூக்கமே இல்லை என்று ஒரு வரி. அவர் அப்படி யாரிடமும் சொன்னதில்லை. கீழே இருந்த கையெழுத்து அவருடையது. விஏ விசாரித்தால் கம்பெனியைக் கூப்பிடாது, அவரைத்தான் கூப்பிடும். பொய் என்று தெரிந்தே கொடுத்ததாக முடிவு செய்தால் ரேட்டிங் குறைவதோடு நிற்காது, குற்ற வழக்கு வரைக்கும் போகலாம்.

அதனால் இந்த வாரமே 20-10206 படிவம் போட்டு உங்கள் ஃபைலின் நகலைக் கேளுங்கள். ஐடி.மீ பாஸ்வேர்டை மாற்றுங்கள். விஏ பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது என்றும் பாருங்கள். அப்புறம் 21-22 படிவத்தில் டிஏவி, அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ போன்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒன்றை உங்கள் பிரதிநிதியாக நியமியுங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கு உதவும் உள்ளூர் அதிகாரியான கவுன்ட்டி வெட்டரன் சர்வீஸ் அதிகாரியிடமும் போகலாம். எல்லாமே இலவசம். நகல் வந்ததும் அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படியுங்கள். தவறான வரி கண்ணில் பட்டால் நீங்களாக விஏவுக்குக் கடிதம் எழுதிவிடாதீர்கள், முதலில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

ஃபைலைப் படிக்காமல் 70% வேண்டும் என்று மேல்முறையீட்டில் இறங்காதீர்கள். மறுபடி பரிசோதனைக்கு அழைத்தால் பழைய ஸ்டேட்மென்ட்டும் மேசைக்கு வரும். அதற்காக ஆறப்போடவும் முடியாது. தீர்ப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மேல்முறையீடு கேட்காவிட்டால், பின்னால் ஜெயித்தாலும் பழைய தேதியிலிருந்து வரவேண்டிய நிலுவை பொதுவாகப் போய்விடும். உங்கள் கடிதத்தில் அந்தத் தேதியை நீங்கள் எழுதவில்லை. இன்றே எடுத்துப் பாருங்கள்.

சரி, பணம். மீதி 3,306 டாலரைக் கட்டாதீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோ-டெபிட் கொடுத்திருந்தால், அடுத்த தவணைக்குக் குறைந்தது 3 வேலை நாள் முன்னதாக வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். விஏ உதவித்தொகையைக் கடன்காரர்கள் பறிக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு உண்டு. நீங்களே டெபிட்டுக்குச் சம்மதித்தால் அந்தப் பாதுகாப்பால் பயனில்லை. கட்டிய 2,204 டாலருக்காகப் போராட நான் சொல்லமாட்டேன். இந்த மாதிரி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆர்பிட்ரேஷன் பிரிவு இருக்கும். அதைத் தாண்டி வருவதற்குள் அதைவிட அதிகமாகச் செலவாகிவிடும். சமரசத்துக்கு வந்தால் முடித்துக்கொள்ளுங்கள். பாக்கி பூஜ்யம், கடன் வசூலிக்கும் கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு அனுப்பமாட்டோம் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். விஏவிடமோ மாநில அட்டர்னி ஜெனரலிடமோ புகார் செய்யமாட்டேன் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.