1500 மீட்டர் வார்ம் அப் பண்ணியும் ஏன் 4 செகண்ட் லேட்டு?

கேள்வி: என் பையனுக்கு 13 வயசு. மதுரையில 25 மீட்டர் பூல்ல ப்ராக்டிஸ் பண்றான், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் 1:12ல முடிச்சிடுவான். போன மாசம் சென்னை வேளச்சேரி பூல்ல நடந்த மீட்ல (நீச்சல் போட்டில) 1:16 ஆயிடுச்சு. காலைல 7 மணிக்கே 1500 மீட்டர் வார்ம் அப் பண்ணிட்டான், ரேஸ் வந்தப்போ மணி 10.40. ஓவரா நீந்தி டயர்ட் ஆயிட்டான், இனிமே வார்ம் அப்பே வேணாம்னு வீட்ல சொல்றாங்க. கோச் இன்னும் ஜாஸ்தி பண்ணணும்ங்கிறார். யார் சொல்றதைக் கேக்கிறது? — ஒரு அம்மா, மதுரை

பதில்: அன்பு சகோதரிக்கு, முதல்ல அந்த 4 செகண்ட பாதியா குறைச்சுடலாம். உங்க ஊர் பூல்ல 100 மீட்டருக்கு மூணு டர்ன், மூணு தடவை சுவத்தை உதைச்சு வேகம் எடுக்கலாம், வேளச்சேரில 50 மீட்டர் பூல்ங்கறதால ஒரே ஒரு டர்ன்தான். அதுலயே பொதுவா ஒன்றரை ரெண்டு செகண்ட் போயிடும், அது பையன் தப்பில்ல, அதுக்காக அவனைத் திட்டியிருந்தா இன்னிக்கே கூப்பிட்டு சொல்லிடுங்க.

மிச்சம் ரெண்டு செகண்டுக்கு வருவோம். 7 மணிக்கு இறங்கி ஏழே முக்கால் வாக்குல ஏறியிருப்பான், அப்புறம் 10.40 வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட மூணு மணி நேரம் என்ன பண்ணான்னு உங்க லெட்டர்ல ஒரு வரிகூட இல்ல. எனக்கு அதுதான் உறுத்துது. நான் மீட்டுக்குப் போறப்பல்லாம் பாக்குற காட்சி இது: கேலரி சிமெண்ட் படியில ஈர ட்ரங்க்ஸோட ஒரு பையன் உக்காந்திருப்பான், தோள்ல ஏற்கெனவே நனைஞ்ச டவல், கையில சிப்ஸ் பாக்கெட், முழங்கைக்கு மேல மயிர் எல்லாம் குத்திட்டு நிக்கும், உதடு லேசா கருத்திருக்கும். பேரைக் கூப்பிட்டதும் அப்படியே எழுந்து போய், குதிக்கிற மேடை இருக்கே, அந்த பிளாக்ல ஏறுவான். அவன் காலைல 500 மீட்டர் பண்ணாலும் 2000 மீட்டர் பண்ணாலும் அந்த நிமிஷத்துல ஒண்ணுதான், ஏன்னா உடம்புல சூடே இல்ல.

வார்ம் அப்போட முக்கியமான வேலையே தசையை சூடாக்குறதுதான், சூடான தசை வேகமா சுருங்கி விரியும். ஆனா அந்த சூடு தண்ணிய விட்டு ஏறினதும் இறங்க ஆரம்பிச்சிடும், முக்கால் மணி நேரத்துல பெரும்பகுதி போயிடும். சென்னை வெயில்ல என்ன குளிர்னு நினைப்பீங்க, ஆனா போட்டி பூல் தண்ணி 25லிருந்து 28 டிகிரிக்குள்ள இருக்கணும்னு ரூல், நம்ம உடம்பு 37, அதுக்கு மேல ஈரத்துணியும் நிழல்ல அடிக்கிற காத்தும் சேர்ந்தா போதும். 2013ல வந்த ஒரு ஆய்வுல சர்வதேச லெவல் நீச்சல் வீரர்களையே 200 மீட்டர் நீந்த வச்சுப் பாத்தாங்க, வார்ம் அப் முடிஞ்சு 45 நிமிஷம் கழிச்சு நீந்தினதை விட 20 நிமிஷத்துல நீந்தினப்போ ஒன்றரை சதவீதம் கிட்ட வேகமா வந்தாங்க. உங்க பையன் டைமிங்குக்கு அது ஒரு செகண்டுக்கு மேல! அவங்களுக்கு 45 நிமிஷத்துக்கே அப்படின்னா, இவன் மூணு மணி நேரம் உக்காந்திருக்கான்.

இப்போ எவ்வளவு மீட்டர்னு கேட்டீங்களே, 13 வயசுல 100 மீட்டர் ரேஸுக்கு 800லிருந்து 1000 மீட்டர் தாராளம்னு நான் நினைக்கிறேன், 1500 தேவையில்ல. 300 மீட்டர் மெதுவா நீந்தட்டும், ஒரு 200 கிக்கும் (கால் மட்டும் உதைக்கிறது) டிரில்லுமா (ஸ்ட்ரோக்கைத் திருத்துற பயிற்சி) போகட்டும், அப்புறம் நாலு 50, ஒவ்வொண்ணும் முன்னதை விட கொஞ்சம் வேகமா, நடுவுல நல்லா மூச்சு வாங்கிக்கிட்டு. அதுக்கப்புறம் 15 மீட்டர் ஃபுல் ஸ்பீட் மூணு நாலு தடவை (டைவ் அடிக்கறதுன்னா அதுக்குன்னு விட்டிருக்கிற லேன்ல மட்டும்தான், கூட்டமா இருக்கிற லேன்ல குதிச்சா யார் தலை மேலயாவது விழுவான்), ரேஸ் வேகத்துல ஒரே ஒரு 50, கடைசியா 100 மெதுவா. ஊர்ல 25 மீட்டர்ல பழகினவனுக்கு போட்டி பூல்லயே வார்ம் அப் பண்றது இன்னொரு விதத்துலயும் உதவும், அந்த நீளம் கண்ணுக்குப் பழகும், சுவர் வழுக்குதா, பிளாக் எவ்வளவு உயரம், டர்ன்ல எங்க தலையை மடக்கணும்னு உடம்புக்குத் தெரிஞ்சிடும்.

ஏறினதும் ஈர ட்ரங்க்ஸை மாத்தணும், இதை நீங்களே நின்னு பாத்துக்கோங்க. பையில காஞ்ச டவல் ரெண்டு, டிராக் பேண்ட், முழுக்கை ஜாக்கெட், சாக்ஸ். ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஃபெல்ப்ஸ் ரேஸுக்கு வர்றப்போ பெரிய கோட்டு மாதிரி ஒண்ணைப் போட்டுட்டு வருவாரே, அதுல ஸ்டைலை விட சூடு காக்கிறதுதான் விஷயம். ரேஸுக்கு முக்கால் மணி முன்னாடி தனி வார்ம் அப் பூல் இருந்தா மறுபடி இறங்கி 200, 300 மீட்டர் நீந்தட்டும், நடுவுல ரெண்டு ஸ்ப்ரின்ட். நம்ம ஊர் மீட்ல பாதி நேரம் அது கிடைக்காது, அப்போ கால் ரூமுக்கு (ரேஸுக்கு முன்னாடி பேர் கூப்பிட்டு உக்கார வைக்கிற இடம்) போறதுக்கு முன்னாடி ஸ்கிப்பிங், கை சுத்தறது, உக்காந்து எழுந்திரிக்கிறதுன்னு ஏழெட்டு நிமிஷம், நெத்தியில லேசா வேர்க்கிற வரைக்கும். காலை நீட்டிப் புடிச்சுக்கிட்டு நிமிஷக்கணக்கா ஸ்ட்ரெச் பண்றது மட்டும் வேணாம், அது அந்த நேரத்துக்கு தசையோட பவரைக் குறைக்கும்.

வீட்ல சொல்றதையும் நான் தள்ளிவிடல. 50 கஜம் நீந்த வச்சு பாத்த ஒரு ஆய்வுல நிறைய பேருக்கு முழு வார்ம் அப் நல்லா இருந்துச்சு, ஆனா மூணுல ஒருத்தருக்கு மேல வார்ம் அப்பே இல்லாம பெஸ்ட் டைம் வந்துச்சு. ஆளுக்கு ஆள் மாறும். அதனால நாலு சனிக்கிழமை ப்ராக்டிஸ்ல டைம் ட்ரையல் (நேரம் பாத்து நீந்தறது) வைங்க, ஒரு நாள் 500 மீட்டர் வார்ம் அப், ஒரு நாள் 1000, ஒரு நாள் 1500, எல்லாத்துக்கும் வார்ம் அப் முடிஞ்சதுக்கும் நீந்தறதுக்கும் நடுவுல கேப் 20 நிமிஷம். நாலாவது வாரம் மட்டும் 1000 பண்ணிட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்கார வச்சு நீந்தச் சொல்லுங்க. எத்தனை மீட்டர், எத்தனை நிமிஷம் கேப், என்ன டைம்னு பையனே நோட்ல எழுதட்டும்.

கோச்கிட்ட பேசறப்போ மீட்டர் குறைக்கணும்னு ஆரம்பிக்காதீங்க, அவருக்குக் கோவம் வரும். "சார், ரேஸுக்கு 40 நிமிஷம் முன்னாடி இவனை மறுபடி தண்ணில இறக்க வழி இருக்கா?"ன்னு கேளுங்க.