வேஷமா, வியாபாரமா?

கேள்வி: பிரான்சில் ஆல்ப்ஸ் மலைமேல் இருக்கும் கிராந்த் ஷார்த்ரூஸ் மடத்துத் துறவிகள் மது காய்ச்சி விற்கிறார்களாமே? அப்படியானால் மௌனம், தவம் எல்லாம் வியாபாரத்துக்குப் போட்ட வேஷம்தானே?

பதில்: காய்ச்சுகிறார்கள், விற்கிறார்கள், ஒளிவுமறைவே இல்லை. ஆனால் வேஷம் என்கிறீர்களே, கணக்கு உதைக்கிறது. மடத்தை நிறுவிய புரூனோ ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போனது 1084-ல். மூலிகை மதுவின் செய்முறைக் குறிப்பு அவருடைய கார்த்தூசியர் சபைக்குக் கிடைத்ததே 1605-ல். அதுவும் பாரீஸ் மடத்துக்கு. மலை மடத்தில் அதை மருந்தாகக் காய்ச்சியபோது 1737 ஆகிவிட்டது. அறுநூற்றைம்பது வருஷம் பொறுத்திருந்து கடை விரித்த வியாபாரியை நான் கேள்விப்பட்டதில்லை.

இடையில் அவர்கள் சுகமாக இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1132-ல் பனிச்சரிவு மடத்தை நொறுக்கியது. துறவிகள் சிலர் அதிலேயே போய்விட்டார்கள். தலைவர் கீகோ மடத்தைக் கீழே தள்ளிக் கட்டினார். அப்புறம் தீ விபத்துகள்.

உள்ளே ஆளுக்கொரு சின்ன வீடு, தோட்டம். கதவை ஒட்டிச் சுவரில் ஒரு திறப்பு. சாப்பாடு அந்த வழியாக வரும். வைத்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இறைச்சி அறவே கிடையாது. நள்ளிரவில் எழுந்து கோயிலில் மணிக்கணக்காகப் பிரார்த்தனை, திரும்பவும் படுக்கை. வாரம் ஒருநாள் சேர்ந்து மலையில் நடக்கும்போது தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். (அன்றைக்கு முதலில் வாயை மூடுகிறவர் யாரோ!) இறந்தவரின் சிலுவையில் பெயர்கூட எழுதுவதில்லை.

சரி, வியாபாரத்துக்கே வருவோம். 1903-ல் பிரெஞ்சு அரசு இவர்களை விரட்டிவிட்டு வடிசாலையையும் வணிகப் பெயரையும் பறித்துக்கொண்டது. செய்முறை மட்டும் துறவிகளோடு ஸ்பெயினின் தாரகோனாவுக்குப் போய்விட்டது. பெயரை வைத்துக்கொண்டு ஏதோ ஒன்றைக் காய்ச்சிய கம்பெனி 1929-ல் திவாலானது. துறவிகள் மடத்துக்குத் திரும்பியது 1940-ல்.

சமீபத்தில் என்ன நடந்தது தெரியுமா? காக்டெயில் மோகத்தில் உலகமெங்கும் அந்த மூலிகை மதுவின் பச்சைப் பாட்டிலுக்கு அடிதடி. இவர்களோ உற்பத்தியைக் கூட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 2023-ல் செய்தி பரவியது. காரணம், துறவு வாழ்க்கைக்கு நேரம் வேண்டுமாம். கியூவில் நிற்கிறவனிடம் ‘ஜெபத்துக்கு நேரமாச்சு’ என்று கதவைச் சாத்துகிறவரை எந்த வியாபாரிகள் சங்கத்தில் சேர்ப்பீர்கள்?