பேச்சு வந்த பிறகும் விழுந்து புரண்டவர்கள்: கேள்வி பதில்

1930களின் இரண்டு ரீல் சிரிப்புப் படங்கள் பற்றி வந்த கேள்விகள் இவை. இரண்டு ரீல் என்றால் ஏறக்குறைய 20 நிமிடம். பெரிய படத்துக்கு முன்னால் தியேட்டரில் ஓட்டுவார்கள்.

கேள்வி: ஒலி வந்ததும், விழுந்து புரண்டு சிரிக்க வைக்கும் இந்த வகை நகைச்சுவை செத்துப்போனது என்கிறார்களே?

நான் அப்படி நினைக்கவில்லை. சிரமம் இருந்தது உண்மை. ஊமைப்பட காலத்தில் கேமராவின் கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் படமெடுத்து, திரையில் வேகமாக ஓட்டலாம், ஆட்கள் பறப்பார்கள். ஒலி சேர்ந்ததும் வேகம் விநாடிக்கு 24 ஃபிரேம் என்று நிலைத்துவிட்டது. கேமராவின் இரைச்சல் மைக்கில் விழாமலிருக்க, முதலில் அதையே ஒரு கூண்டுக்குள் அடைத்தார்கள்.

ஆனால் ஹாலிவுட்டின் ஒல்லி, குண்டு நகைச்சுவை ஜோடியான லாரலும் ஹார்டியும் 1929இல் வந்த தங்கள் முதல் பேசும் படத்திலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். முடிவில் லாரல் மாடிப்படியில் உருண்டு விழுவது நம் கண்ணில் படாது. தடதடவென்று சத்தம் மட்டும் வரும். திரையில் இருப்பது அதைக் கேட்டு முகம் சுளிக்கும் ஹார்டி. விழுந்த விதத்தை நாமே கற்பனை செய்துகொள்கிறோம், அது இன்னும் பயங்கரமாக இருக்கிறது! இதை ஒலி இல்லாமல் செய்யவே முடியாது.

கேள்வி: லாரல் ஹார்டி ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது சார்? என் மகன் பாதியில் எழுந்து போய்விடுகிறான்.

அந்த நிதானம் வேண்டுமென்றே வைத்தது. இவர்கள் படங்களை எடுத்த ஹால் ரோச் ஸ்டூடியோவில் வெளியீட்டுக்கு முன் படத்தை ஜனங்களுக்குப் போட்டுக் காட்டி, எங்கே சிரிக்கிறார்கள் என்று பார்த்து, சிரிப்பு அடங்க இடைவெளி விட்டு வெட்டி ஒட்டுவார்கள். அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடக் கூடாதே. ஹார்டி நம்மைப் பார்த்து அலுத்துக்கொள்கிறாரே, அந்தப் பார்வை இந்த இடைவெளிக்கு அவ்வளவு பொருத்தம். தனியாகப் பார்த்தால் அங்கே வெறுமை தெரியும். வீட்டில் நாலு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள், மகன் எழுந்து போக மாட்டான்.

கேள்வி: பியானோவைப் படியில் ஏற்றுவார்களே, அது எந்தப் படம்?

'தி மியூசிக் பாக்ஸ்', 1932. நகைச்சுவைக் குறும்படத்துக்கான முதல் ஆஸ்கார் அதற்குத்தான். லாஸ் ஏஞ்சலஸின் சில்வர் லேக் பகுதியில் அந்த 133 படிகள் இன்றும் இருக்கின்றன. 1927இல் இதே படிகளில் சலவை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி ஓர் ஊமைப்படம் எடுத்தார்கள். பிரதி எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் பியானோவைத் தேர்ந்தெடுத்ததுதான் மேதைமை. பெட்டி சரிந்து இறங்கும்போதெல்லாம் உள்ளே தந்திகள் அலறுவதைக் கேளுங்கள்.

கேள்வி: த்ரீ ஸ்டூஜஸ் என்ற மூவர் நகைச்சுவைக் குழுவின் படங்களில் கண்ணில் குத்துவது நிஜமா?

இல்லை. விரல்கள் படுவது புருவத்துக்கு மேலே. அடியை நம்ப வைப்பது ஒலிதான்: கண்ணுக்குத் தந்தியைச் சுண்டும் சத்தம், வயிற்றில் குத்தினால் பெரிய மத்தளம், அறைக்குச் சாட்டை வீச்சு. ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், வெறும் கொடுமையாகத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினால் இதையும் சொல்லிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் செய்து பார்த்துவிடுவார்கள்.

கேள்வி: டப்பிங் இல்லாமல் வெளிநாட்டில் எப்படி ஓட்டினார்கள்?

ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று தனித்தனியாக மறுபடி நடித்தார்கள்! லாரலுக்கும் ஹார்டிக்கும் அந்த மொழிகள் தெரியாது. உச்சரிப்பை மட்டும் மனப்பாடம் செய்து பேசினார்கள். ஒரே விழுதலை நாலு தடவை விழ வேண்டும். இந்த உழைப்பை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கேள்வி: இவை ஏன் நின்றுபோயின?

ஒரே டிக்கெட்டில் இரண்டு பெரிய படம் காட்டும் வழக்கம் பரவியது, குறும்படத்துக்கு இடமில்லை. லாரல் ஹார்டி குறும்படங்கள் 1935இல் முடிந்தன. கொலம்பியா படக் கம்பெனி மட்டும் பிடிவாதமாக நடத்தியது. ஸ்டூஜஸ் அங்கே 190 குறும்படங்களில் நடித்தார்கள், கடைசியானது 1959இல் வெளியானது.

கேள்வி: ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால்?

'ஹெல்ப்மேட்ஸ்', 1932. மனைவி ஊரிலிருந்து வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்ய ஹார்டி நண்பரைக் கூப்பிடுகிறார். முடிவில் வீடு எரிந்து கூரை இல்லாமல் நிற்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஹார்டி, "போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ" என்கிறார். லாரல் சாத்துகிறார். அப்புறம் மழை பிடித்துக்கொள்கிறது.