பாட்டி எப்போ எழுந்திருப்பாங்க?

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை ஆறேழு வருடமாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

என் மகனுக்கு நாலரை வயது. மூன்று மாதத்துக்கு முன் என் அம்மா இறந்துவிட்டார். அவன் பிறந்ததிலிருந்து அம்மாதான் அவனைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அவன் கேட்டபோது "பாட்டி தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அவன் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

இப்போது ஒரு மாதமாக இரவில் படுக்க மாட்டேன் என்கிறான். சின்ன விஷயத்துக்கெல்லாம் கையில் இருப்பதைத் தூக்கி எறிகிறான். போட்டோவைக் காட்டினால் "எனக்குப் பாட்டியைப் பிடிக்காது" என்கிறான். ஆனால் "பாட்டி எப்போ எழுந்திருப்பாங்க?" என்று தினமும் கேட்கிறான். அவன் முன்னால் நான் அழுவதே இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுது, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன்.

இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய உணர்ச்சிகளை எப்படிப் புரியவைப்பது? புரியவைக்கத்தான் வேண்டுமா? "விடு, தானா மறந்துடுவான்" என்கிறார்கள் வீட்டில்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தத் தூக்கத்தைப் பார்ப்போம். உங்கள் மகன் அடம் பிடிக்கவில்லை. நீங்கள் சொன்னதை நம்பியிருக்கிறான், அவ்வளவுதான். பாட்டி தூங்கினார், எழுந்திருக்கவே இல்லை. அப்படியானால் தூங்குகிற யாரும் எழுந்திருக்காமல் போகலாம். நானும் போகலாம், பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவும் போகலாம். நாலரை வயதில் இதைவிடச் சரியாக யோசிக்க முடியாது. உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த நாளில் யாருக்கும் அந்த வார்த்தைதான் வரும்.

1948இல் மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூன்று வயது முதல் பத்து வயது வரை உள்ள பிள்ளைகளிடம் சாவு என்றால் என்ன என்று கேட்டுப் பார்த்திருந்தார். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் அதை ஒரு பயணம் போலவோ தூக்கம் போலவோதான் சொன்னார்கள். போனவர் வருவார், தூங்கியவர் எழுவார். இது நாம் சொல்லிக்கொடுத்து வருவதல்ல, அந்த வயதில் மனம் தானாகவே அங்கேதான் நிற்கிறது. நாமும் "தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொன்னால் அந்தக் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டதாகிவிடும். காத்திருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. மூன்று மாதமாக அவன் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

அதனால் முதல் வேலை சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுப்பது. நான் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "பாட்டி தூங்குறாங்கன்னு அன்னைக்குச் சொன்னேன் இல்லையா, அது தப்பு. பாட்டி இறந்துட்டாங்க. இறந்துட்டாங்கன்னா உடம்பு வேலை செய்யறது நின்னு போச்சு. மூச்சு விட மாட்டாங்க. பசிக்காது, வலிக்காது, குளிராது. திரும்பி வர மாட்டாங்க. தூங்கறது வேற. நீயும் நானும் தூங்கினா காலையில எழுந்துருவோம்." இவ்வளவு போதும். இதற்கு மேல் வாழ்வு, சாவு என்று பிரசங்கம் செய்ய வேண்டாம். படுக்கப்போகும் நேரத்திலும் வேண்டாம், பகலில் சொல்லுங்கள்.

நாளைக்கும் கேட்பான். நாளன்றைக்கும் கேட்பான். காதில் விழவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நேற்றுச் சொன்ன பதில் இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறான். அதே வார்த்தையில், அதே குரலில் சொல்லுங்கள். பதில் மாறாது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போவான். அடுத்த கேள்வி இன்னும் கஷ்டமாக இருக்கும், "நீயும் செத்துடுவியா?" என்று. மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். "எல்லாரும் ஒருநாள் இறப்பாங்க. நான் ரொம்ப நாள் உன்கூட இருப்பேன்னுதான் நினைக்கிறேன். எனக்கு முடியாமப் போனாலும் உன்னைப் பார்த்துக்க அப்பா இருக்காங்க" என்று ஆளைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். யார் தலை வாரிவிடுவார்கள், யார் கதை சொல்வார்கள் என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணமும் சொல்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன பகுதிதான். அழுகை பிறக்கும் நான்கு இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு என்றால் இழப்பது. (நாம்தான் அதை வசவாக்கி வைத்திருக்கிறோம்.) அசைவு என்பதற்கு முன்பிருந்த நிலை கெட்டு வேறாகிப்போய் வருந்துவது என்று பழைய உரையில் பொருள் சொல்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது இந்தச் சொல்தான் எழுந்து வந்து நின்றது. வீட்டில் எல்லோரும் பார்ப்பது இழவை. அவனுக்கு நடந்திருப்பது அசைவு. காலையில் அவனை எழுப்பிய கை வேறு, குளிக்கவைத்த கை வேறு, தூங்கும்போது முதுகைத் தட்டிய தாளம் வேறு. அவனுடைய ஒரு முழு நாள் இடம்பெயர்ந்துவிட்டது. "பாட்டியை நினைச்சு அழறியா?" என்று கேட்டால் அவனுக்குப் புரியாது. "பாட்டி முதுகுல எப்படித் தட்டுவாங்க? காட்டு, நான் அதே மாதிரி தட்டறேன்" என்று கேட்டுப் பாருங்கள். தப்பாகத் தட்டுங்கள், திருத்துவான். திருத்தும்போது அழுகை வந்தால் வரட்டும்.

இன்னொன்றும் அந்த இயலின் பெயரிலேயே இருக்கிறது. மெய் என்றால் உடம்பு. மனதில் இருப்பது உடம்பில் தெரிவதால் மெய்ப்பாடு. நாமும் இன்றுவரை அப்படித்தானே பேசுகிறோம்? நெஞ்சை அடைக்கிறது, வயிறு கலங்குகிறது, கை கால் பதறுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு உணர்ச்சியின் வாசல் அதுதான். "உனக்கு என்ன தோணுது?" என்றால் முழிப்பார்கள். "எங்க பண்ணுது?" என்றால் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

என் தங்கையின் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. அவளுடைய கூட்டாளி வீடு மாறிப் போய்விட்டாள். இவள் அழவில்லை, வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மருத்துவரிடம் காட்டியாயிற்று, ஒன்றும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சட்டையைத் தூக்கினாள். தொப்புளைச் சுற்றி விரலால் மெதுவாக ஒரு வட்டம் போட்டாள். நிறுத்தினாள். மறுபடியும் போட்டாள். "இங்க ஒரு எறும்பு சுத்திக்கிட்டே இருக்கு. போகவே மாட்டேங்குது." நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சொன்னேன், "அதுக்குப் பேர் ஏக்கம்னு நினைக்கிறேன். ஒருத்தர் வேணும் வேணும்னு இருக்கும், அவங்க பக்கத்துல இருக்க மாட்டாங்க. அப்போ வரும்." அவள் அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு தடவை உருட்டினாள். ஏ-க்-கம். எழுந்து போய்விட்டாள். ராத்திரி, "பாட்டி, எனக்கு ஏக்கமா இருக்கு, தண்ணி குடு" என்றாள்.

சிரிக்கலாம். ஆனால் அன்றைக்கு வயிற்றுவலி பாதி குறைந்துவிட்டது. எறும்பு போகவில்லை, எறும்புக்குப் பெயர் வந்துவிட்டது. தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் கிடையாது. ஏக்கம், தவிப்பு, ஆதங்கம், ஏமாற்றம், கூச்சம், ஆற்றாமை என்று எவ்வளவு நுணுக்கமாக வைத்திருக்கிறோம்! பிள்ளைகளிடம் பேசும்போது மட்டும் கோபம், பயம், அழுகை என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறோம்.

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அது அடங்கும் என்று இப்போது எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமாக மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட மூளைப் படப் பரிசோதனையைக் காட்டுகிறார்கள். கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்கான சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. உண்மைதான், ஆனால் அது பெரியவர்களிடம் செய்தது. பொருளை எறிந்துகொண்டிருக்கும் நாலரை வயதுக்காரனிடம் போய் "உனக்கு இப்போ கோபம்" என்று சொல்லிப் பாருங்கள், "எனக்குக் கோபம் இல்ல!" என்று இன்னொன்றையும் எறிவான். அந்த நேரத்தில் பேச்சே வேண்டாம். கையைப் பிடித்து எறிவதை நிறுத்துங்கள், "எறியக் கூடாது, நான் இங்கதான் இருக்கேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். தலையணையைக் குத்தச் சொல்லும் யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. குத்தக் குத்தக் கோபம் ஏறத்தான் செய்கிறது. பெயர் வைப்பதெல்லாம் அப்புறம், குளிக்கும்போதோ நடக்கும்போதோ, முகத்தைப் பார்க்காமல். அதையும் தீர்ப்பாகச் சொல்லாமல், "பாட்டி சொல்லாமப் போயிட்டாங்கன்னு கோபமோ என்னமோ?" என்று ஒரு ஊகமாக. இல்லை என்று சொல்ல அவனுக்கு இடம் இருக்க வேண்டும்.

"பாட்டியைப் பிடிக்காது" என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஒருவர் மேல் ஒரே நேரத்தில் பாசமும் கோபமும் இருக்க முடியும் என்பது பிள்ளைகளுக்குப் பத்துப் பதினொரு வயதுவாக்கில்தான் முழுதாகப் பிடிபடுகிறது என்று சூசன் ஹார்ட்டர் போன்ற உளவியலாளர்கள் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மகனின் வயதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இன்றைக்குக் கோபத்தின் முறை. "அப்படிச் சொல்லக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். இன்னொன்றையும் மெதுவாக விசாரியுங்கள். என்றைக்காவது கோபத்தில் "போ பாட்டி" என்று சொல்லியிருப்பான். தான் சொன்னதால்தான் போய்விட்டார் என்று இந்த வயதுப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வது உண்டு. யாரும் கேட்காவிட்டால் சொல்லவே மாட்டார்கள். "நீ சொன்னதாலேயோ செஞ்சதாலேயோ பாட்டி இறக்கல. அப்படி யாரும் இறக்க மாட்டாங்க" என்று அவன் கேட்காவிட்டாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

தானாக மறந்துவிடுவான் என்கிறார்களே, அதற்கு என் சொந்தத் தப்பைத்தான் சொல்ல வேண்டும். என் மகனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது பகலில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். நான் கிளம்பினால் அழுவான். அங்கிருந்த ஆயா ஒரு வழி சொன்னார்: அவன் பொம்மையில் கவனமாக இருக்கும்போது நைசாக நழுவிவிடுங்கள். செய்தேன். பிரமாதமாக வேலை செய்தது, அழுகையே இல்லை. பத்து நாள் கழித்து வீட்டில் கவனித்தேன். நான் எங்கே நின்றாலும் என் புடவை முந்தானையின் நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு நிற்கிறான். விரல் நுனி வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கமாக. விளையாடும்போதுகூட ஒரு கையால்தான் விளையாடுவான். அழுகையை நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன், அது விரலுக்குப் போயிருந்தது. மறுநாளிலிருந்து சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அழுதான், கதவு வரைக்கும் வந்து அழுதான். முந்தானை விடுபட மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது உங்கள் குழாய்க்கு வருகிறேன். எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970களில் செய்த ஒரு பரிசோதனை இருக்கிறது. கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டு மூன்று நிமிடம்தான். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்திப் பார்க்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பேசத் தெரியாத கைக்குழந்தைக்கே கல் முகம் தெரிகிறது என்றால், மூன்று மாதமாகக் கழுவித் துடைத்த உங்கள் முகத்தை உங்கள் மகன் படிக்காமலா இருப்பான்? அம்மாவுக்கு ஏதோ நடக்கிறது, அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று படித்திருப்பான். அதனால்தான் அவனும் அழவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அவனைப் பிடித்துக்கொண்டு கதறச் சொல்லவில்லை, அது அவனைத் தாங்க முடியாத பாரமாக அழுத்தும். கண் கலங்கினால் கலங்கட்டும். "பாட்டி ஞாபகம் வந்துச்சு, அழறேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடும். நீ என்னைச் சமாதானப்படுத்த வேண்டியதில்ல" என்று சொல்லுங்கள். அப்புறம் முகம் துடைத்துக்கொண்டு எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அழுகைக்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதை வார்த்தையால் புரியவைக்க முடியாது, பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். அவனும் அழுவான், அடுத்த நிமிடமே பந்தைத் தேடுவான். பொம்மையைப் படுக்கவைத்து "செத்துப்போச்சு" என்று விளையாடுவான். பதற வேண்டாம், பிள்ளைகள் துக்கத்தைத் தவணை முறையில்தான் படுவார்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் சில வாரங்களில் தூக்கமும் சாப்பாடும் தேறவில்லை என்றாலோ, பாட்டியிடம் போக வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ, குழந்தைகளுக்கான மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் தள்ளிப்போட எதுவும் இல்லை.

போட்டோவை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள், அவன் கையில் கொண்டுபோய்த் திணிக்கவும் வேண்டாம். அவன் கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும். முதுகைத் தட்டுகிற அந்தத் தாளம் எப்படி என்று அவன் காட்டினால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா