கராஜ் என்பது வெளி அல்ல: தீபாவளிக் கேள்வி-பதில்

தீபாவளி நெருங்கிவிட்டது. வந்த கடிதங்களில் பாதி எண்ணெய்ச் சட்டியைப் பற்றி, மீதி வயரைப் பற்றி. முப்பது வருடம் தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரில் தீயணைப்பு வண்டியில் ஓடியவன் என்பதால் கொஞ்சம் கறாராகத்தான் சொல்வேன்.

வீட்டுக்குள் எண்ணெய் வாடை வருகிறது என்று கராஜில் காஸ் அடுப்பு வைத்து முறுக்கு சுடுகிறோம். சரிதானே ஐயா? (சாட்ஸ்வொர்த்)

வருடா வருடம் இதே கேள்வி. வெளியே வைத்துச் சுட்டால் சரி. கராஜ் வெளி அல்ல. அக்டோபர் காற்றில் தீ அணைகிறது என்று கதவைப் பாதி இறக்கிவிடுவீர்கள். ஒரு பக்கம் கார், இன்னொரு பக்கம் புல்வெட்டும் மெஷினுக்கு வாங்கிய பெட்ரோல். சமையல் காஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். அந்த மூலையில் நிற்பது என்ன? டீப் ஃப்ரீசர். அது தானாக ஓடத் தொடங்கும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி எழலாம். அது போதும்.

ஒருமுறை போனபோது கராஜ் கதவு தெருவில் கிடந்தது. உள்ளே அதிரச மாவு பாத்திரத்தில் அப்படியே இருந்தது, மேலே போட்ட ஈரத்துணிகூட விலகவில்லை. சுட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குப் புருவமும் முன்முடியும் போனதோடு சரி. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

முற்றத்தில், சமதரையில் வையுங்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும், ஹோஸ் எட்டும் அளவுக்கு அடுப்பைவிட்டுத் தள்ளி இருக்கட்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் வால்வை மூடுங்கள். வத்திக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கிற ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பலகாரம் கட்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க அனுப்பிவிடுங்கள். அப்புறம், முந்தானையை இடுப்பில் செருகினால் போதாது, பின் குத்துங்கள்.

எண்ணெயே தீப்பிடித்துவிட்டால்? (ஃபீனிக்ஸ்)

அடுப்பை நிறுத்துங்கள், மூடியால் மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள்: அது ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும், எரிகிற எண்ணெயைக் கூரைவரை வாரி இறைக்கும். சட்டிக்குப் பொருந்தும் மூடியை முதலிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வயர் தாங்குமா? (வெருலம்)

முழுக் கடிதமும் இவ்வளவுதான். எந்த வயர், எதை மாட்டப் போகிறீர்கள்? நம் பெரிய மூன்று முள் பிளக் தாங்குவது சுமார் 3,600 வாட். கெட்டில் 2,000, மின்சார வாணலி 1,500 என்றால் இரண்டிலேயே கணக்கு முடிந்தது. அதன் மேல் டபுள் அடாப்டர், அதன் மேல் வண்ண விளக்குச் சரம் என்று அடுக்கினால் தாங்காது. சுருள் வயரை முழுவதும் விரித்துப் போடுங்கள், சுருட்டியே வைத்தால் சூடேறி உருகும். எர்த் லீக்கேஜ் (மின்சாரம் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள்.

பேத்தி கையில் எண்ணெய் தெறித்தது, பற்பசை தடவினேன். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பாட்டி, இனிமேல் வேண்டாம். பற்பசை, வெண்ணெய், மஞ்சள், ஐஸ் எதுவும் கூடாது. உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். முகம், கை, மூட்டு என்றாலோ உள்ளங்கையைவிடப் பெரிய புண் என்றாலோ டாக்டரிடம் போங்கள். அவசரத்துக்கு 10177, கைப்பேசியில் 112.

சாமி விளக்கு விடியவிடிய எரியலாமா? (லெனேஷியா)

யாராவது விழித்திருந்தால் எரியட்டும். தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில், திரைச்சீலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. தூங்கப் போகிறீர்கள் என்றால் மலையேற்றிவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

கம்பி மத்தாப்பு குழந்தைக்கு ஆபத்தில்லைதானே? (டோங்காட்)

ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் கம்பி அது. ஐந்து வயதுக்குக் கீழ் கொடுக்காதீர்கள். எரிந்து முடிந்த கம்பி புல்லில் அல்ல, தண்ணீர் வாளியில்.

தீயணைப்பானை அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன். (சாட்ஸ்வொர்த்)

எடுக்க வேண்டிய நேரத்தில் தீக்குள்ளா கை விடுவீர்கள்? வெளியே போகிற கதவோரம் மாற்றுங்கள்.