எம்டிஎம்ஏ அமர்வுக்குப் பின் தூக்கமின்மை: சிகிச்சை தோற்றதாகுமா?

பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் கோளாறுக்கு (PTSD), எம்டிஎம்ஏ என்ற மருந்தை விழுங்கி உளச்சிகிச்சையாளர் துணையுடன் இருக்கும் முதல் அமர்வுக்குப் பின் இரண்டு இரவுகள் தூக்கம் வராததையும் கெட்ட கனவுகள் கூடியதையும் வைத்துச் சிகிச்சை தோற்றுவிட்டதாக நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. எம்டிஎம்ஏ ஆம்ஃபெட்டமின் வகைக் கிளர்ச்சியூட்டி என்பதால், காலையில் விழுங்கினாலும் நள்ளிரவிலும் தாடை இறுகி விழித்துக் கிடக்க நேரிடலாம். ஆய்வுகளில் தூக்கம் மேம்பட்டதாகக் கண்டது, எல்லா அமர்வுகளும் முடிந்த பிறகுதான்.

கனவுகளுக்கு நான் முதலில் சந்தேகிப்பது வேறொன்றை: அமர்வுக்காக செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்தை நிறுத்தினீர்களா? அது கனவுத் தூக்கத்தை அடக்கி வைக்கும். நிறுத்தியதும் கனவுகள் பீறிட்டுத் திரும்பக்கூடும். மருந்தை நிறுத்திய தேதியையும் கனவுகள் தொடங்கிய தேதியையும் எழுதி, அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்களே எம்டிஎம்ஏவைப் பரிந்துரைக்க முடியும் என்பதால், அக்குறிப்பை உங்கள் மருத்துவரிடமே காட்டுங்கள். பழைய மருந்தை நீங்களாகத் தொடங்காதீர்கள். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால், அடுத்த அமர்வுவரை காத்திராமல் அவரை உடனே அழையுங்கள்.