ஒரே ஆள், எட்டுச் சாவி

சின்ன விமான நிலையம் ஒன்றில் வாடகைக் கார் கவுண்டரில் 17 வருடம் நின்றவன் நான். வந்த கேள்விகளில், விமானத்தில் இறங்கிய கையோடு கார் எடுத்து ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றை மட்டும் இந்த முறை பிரித்து எடுத்துக்கொண்டேன்.

கே: எங்கள் விமானம் இரவு 10.40-க்கு இறங்குகிறது. கார் கவுண்டர் 11 மணி வரைதான் என்று போட்டிருக்கிறது. விமானம் தாமதமானால் காத்திருப்பார்களா?

ப: புக்கிங்கில் விமான எண்ணைக் கொடுத்தீர்களா? முதலில் அதைப் பாருங்கள்.

பெரிய விமான நிலையத்தில் ஒருவர் போனால் அடுத்தவர் வந்து உட்காருவார். சின்ன நிலையத்தில் ஒரே ஆள், பின்னால் ஆணியில் தொங்கும் எட்டுச் சாவி, அவ்வளவுதான் கடை. காரைக் கழுவுவதும் அவர்தான், பெட்ரோல் போட்டு வருவதும் அவர்தான், கையெழுத்து வாங்குவதும் அவர்தான். விமானம் வருகிற நேரத்துக்கு வந்துவிட்டு, இடையில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போவதும் உண்டு. விமான எண் இருந்தால், அது எங்கே பறக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எண் இல்லாவிட்டால், குறித்த நேரத்துக்கு வராதவர் வராதவர்தான்.

ஒரு மழை நாள் ராத்திரி நான் அப்படித்தான் 11.15 வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்தால் கவுண்டருக்கு எதிரே நாற்காலிகளில் ஒரு குடும்பமே சுருண்டு படுத்திருக்கிறது. வயதான அம்மா ஒருவர் மட்டும் விழித்துக்கொண்டு, நான் ஷட்டரைத் தூக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

அதனால் விமான எண்ணைக் கொடுங்கள். விமானம் மாறினால் புது எண்ணையும் சொல்லுங்கள். பழைய விமானம் இறங்கி அரை மணியில் உங்கள் கதை முடிந்ததாக ஆகிவிடும். தலைமை அலுவலகத்தின் பொது எண்ணை நம்ப வேண்டாம். அந்தக் கிளையின் நேரடி எண்ணை முன்பே வாங்கிவைத்து, விமானம் ஏறும் வாசலில் நின்று ஒரு போன் போடுங்கள். நேரம் கடந்து திறந்துவைக்க தனிக் கட்டணம் கேட்பார்கள். அதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

கே: சிவப்பு நிறப் பெரிய காரின் படத்தைப் பார்த்து புக் செய்தோம். கொடுத்தது வேறு கார். இது நியாயமா?

ப: படத்துக்குக் கீழே 'அல்லது இதைப் போன்ற கார்' என்று பொடி எழுத்தில் இருந்திருக்கும். நீங்கள் புக் செய்வது காரை அல்ல, ஒரு வகையை. புக்கிங்கில் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது 'ஏ.சி.ஆர்.ஐ.எஸ்.எஸ்.' என்ற அமைப்பு பொதுவாக வகுத்தது. பல நிறுவனங்கள் இதையே பின்பற்றுகின்றன. முதல் எழுத்து அளவு, இரண்டாவது கதவும் உடலமைப்பும், மூன்றாவது கியர், நான்காவது எரிபொருளும் ஏசியும். 'சி.டி.எம்.ஆர்.' என்றால் நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழான அளவு, நான்கைந்து கதவு, கையால் போடும் கியர், ஏசி உண்டு. மூன்றாவது எழுத்து 'ஏ' என்றால் ஆட்டோமேட்டிக். அந்த ஒரு எழுத்தைப் பார்க்காமல் வந்து, கியர் வண்டியைப் பார்த்து விழிப்பவர்களை வாரத்துக்கு ஒருவரையாவது பார்த்திருக்கிறேன். எட்டுச் சாவியில் ஆட்டோமேட்டிக் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

கே: 'முழுப் பாதுகாப்பு' என்று போட்டுத்தான் புக் செய்தோம். கவுண்டரில் இன்னொரு காப்பீடு எடுக்கச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

ப: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். விற்றால் எங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன்.

வாடகையோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் சி.டி.டபிள்யூ. எனப்படுவது. பார்க்கக் காப்பீடு மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு விட்டுக்கொடுப்பு. கார் சேதமானால் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டோம் என்று நிறுவனம் எழுதிக் கொடுக்கிறது. அந்தத் தொகை வரை உங்கள் பொறுப்பு. அதற்குப் பெயர் எக்ஸஸ். கவுண்டரில் கூடுதலாக விற்பது, அந்த எக்ஸஸைக் குறைப்பதற்கோ பூஜ்யமாக்குவதற்கோதான். இதையே வெளியில் தனிக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் குறைந்த விலைக்கு விற்கின்றன. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. சேதமானால் கார் நிறுவனம் முதலில் உங்களிடம் வசூலித்துவிடும். நீங்கள் ரசீதோடு போய் அங்கே கேட்டு வாங்க வேண்டும். உங்கள் கார்டில் பிடித்துவைக்கும் டெபாசிட்டும் குறையாமல் நிற்கும்.

இனி முக்கியமானது. 'முழு' என்று போட்டிருந்தாலும் கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம், கூரை, தொலைந்த சாவி ஆகியவை பல ஒப்பந்தங்களில் வெளியே நிற்கும். மண் சாலையில் ஓட்டியதால் வந்த சேதமும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். மைத்துனர் அரை மணி நேரம்தான் ஓட்டினார் என்றெல்லாம் சொல்ல முடியாது.

இதையெல்லாம் அடுத்தவருக்கு ஆயிரம் தடவை ஒப்பித்த நான், ஒருமுறை வெளியூரில் வேறொரு நிறுவனத்தில் கார் எடுத்தேன். முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல், கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு கீறல். 'எனக்குத்தான் எல்லாம் இருக்கிறதே' என்று தெம்பாகப் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த பையன் என் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினான். கண்ணாடி கிடையாது. நான் செய்கிற அதே விரல், அதே வேகம். பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

கே: டெபிட் கார்டு போதுமா?

ப: பல இடங்களில் போதாது. கிரெடிட் கார்டு, அதுவும் ஓட்டுநரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பார்கள். மனைவி கார்டு, கணவர் லைசென்ஸ் என்று வந்து நிற்காதீர்கள். டெபாசிட்டுக்காகப் பிடித்து வைக்கும் தொகை திரும்பச் சில நாள் ஆகும். அதே கார்டை நம்பி ஓட்டல் அறை புக் செய்திருந்தால் அங்கே இடிக்கும்.

கே: விமான நிலையத்தில் எடுப்பதை விட ஊருக்குள் எடுத்தால் மலிவு என்கிறார்களே?

ப: பல சமயம் உண்மைதான். கார் நிறுவனம் விமான நிலையத்துக்குக் கட்டும் பங்கை உங்கள் பில்லில்தான் சேர்ப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் என்றால் வித்தியாசம் தெரியும். இரண்டு நாளுக்கு டாக்சி பிடித்து ஊருக்குள் போய்த் திரும்பினால் மிச்சம் பிடித்ததை டாக்சிக்காரர் கொண்டுபோவார். பல ஊர்க் கிளைகள் ஞாயிறு மூடியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விமானத்தில் இறங்குகிறவனுக்குக் கார் வேண்டும் என்ற யோசனை பழசு. அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கத்து வில்லோ ரன் விமான நிலையத்தில் 1946-ல் வாரன் ஏவிஸ் தன் பெயரில் வாடகைக் கார் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தது மூன்று கார். எங்கள் எட்டுச் சாவியை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

இன்னொன்று, வாடகை பொதுவாக 24 மணி நேரக் கணக்கு. காலை 10-க்கு எடுத்து, கடைசி நாள் பகல் 12-க்குக் கொடுத்தால் இன்னொரு நாள் வாடகை ஏறலாம். சலுகை நிமிடங்கள் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் எடுத்து வேறு ஊரில் விடுவதற்கும் தனிக் கட்டணம் உண்டு. சின்ன நிலையத்தில் அது அதிகமாகவே இருக்கும், காரைத் திரும்ப ஓட்டிக்கொண்டுவர ஓர் ஆள் போக வேண்டுமே.

கே: வெளிநாட்டில் ஓட்ட சர்வதேசப் பெர்மிட் வாங்கிவிட்டேன். சொந்த லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா?

ப: கூடாது. பெர்மிட் என்பது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டும். தனியாக அதற்கு மதிப்பில்லை. இதில் இரண்டு வகை உண்டு: 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுப்பது ஒரு வருடத்துக்கு, 1968 வியன்னா ஒப்பந்தப்படி கொடுப்பது அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு. போகிற நாடு எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

கே: காரை எடுக்கும்போது சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்தால் என் கணவருக்குக் கூச்சமாக இருக்கிறதாம். 'கவுண்டர்காரரைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும்' என்கிறார்.

ப: கவுண்டர்காரனாகச் சொல்கிறேன், எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. எடுக்காமல் போனவர்களோடுதான் சண்டை வந்திருக்கிறது.

இரவில், ஈரமான காரில் கீறல் தெரியாது. விளக்கடியில் நிறுத்தச் சொல்லுங்கள். பம்பரின் கீழ் விளிம்பு, சக்கர வளையங்கள், முன் கண்ணாடி, இந்த மூன்றில் பொறுமை வேண்டும். மீட்டரையும் எரிபொருள் முள்ளையும் ஒரு படம். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா பாருங்கள். இப்போது பல கார்களில் டயர் ஒட்டுகிற மருந்து டப்பாவும் ஒரு பம்பும்தான் இருக்கும். ஆளரவமற்ற சாலையில் டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்த டப்பா உதவாது. படிவத்தில் குறிக்காத ஒடுக்கு இருந்தால் அங்கேயே எழுதி, கவுண்டர்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது கவுண்டர் மூடியிருந்து சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவதானால், வீடியோ இன்னும் முக்கியம். காலையில் ஆள் வந்து பார்க்கும்வரை வண்டி உங்கள் பொறுப்பு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது.

கே: பெட்ரோல் பங்க்கில் டேங்க் மூடி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, அவமானமாகிவிட்டது.

ப: எரிபொருள் முள்ளுக்குப் பக்கத்தில் குட்டி முக்கோணம் இருக்கும். அது காட்டும் பக்கம்தான் மூடி. ஃபோர்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜிம் மொய்லன், மழையில் தவறான பக்கம் நிறுத்தி நனைந்த பிறகு, 1986-ல் இதை எழுதிக் கொடுத்தார். நனைந்த எரிச்சலில் பிறந்த யோசனை!

பக்கத்தை விடப் பெரிய தவறு, டீசல் காரில் பெட்ரோல் போடுவது. டீசல் குழாயின் முனை பருமன், பெட்ரோல் காரின் வாயில் பொதுவாக நுழையாது. பெட்ரோல் முனையோ டீசல் வாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும். பச்சைக் குழாயை நம்பாதீர்கள்: ஐரோப்பாவில் பச்சை பெரும்பாலும் பெட்ரோல், அமெரிக்காவில் டீசல். தவறிப் போட்டுவிட்டால் எஞ்சினைக் கிளப்பாமல் போன் செய்யுங்கள்.

கே: கார்களில் ஆட்கள் மறந்துவிட்டுப் போவதில் எது அதிகம்?

ப: சார்ஜர் வயர், கறுப்புக் கண்ணாடி. கண்ணுக்குத் தெரியாதது, உங்கள் போன். ப்ளூடூத்தில் இணைத்துவிட்டுப் போவீர்கள். தொலைபேசிப் பட்டியல், போன இடங்கள் எல்லாம் காரிலேயே இருக்கும். சாவியைக் கொடுக்கும் முன் அழித்துவிடுங்கள்.

ஒருமுறை முன் இருக்கை டிராயரில் பல்செட் இருந்தது. மூன்று நாள் கழித்து போன் வந்தது. பேசியது அவர் மனைவி.